வளர்ந்த நாட்டுக் கொள்கையில டிசடேஷன் செய்யப்போற தங்கச்சிக்கு

தங்கச்சி, மற்ற ஆக்களும் வாசிக்கினம் எண்டபடியால் உங்கட கேள்வியைச் சுருக்கிப் போட்டிட்டுத் தொடங்குறன். யாழ்ப்பாணக் கம்பஸில பொருளியல் இறுதி வருசம் செய்யிறியள், "வளர்ந்த நாடுகளின் பொருளாதார, சமூகக் கொள்கைகளும் இலங்கைக்கான படிப்பினைகளும்" எண்டு டிசடேஷனுக்கு, அதாவது இறுதி வருச ஆய்வேட்டுக்கு, தலைப்புக் குடுத்தனீங்கள், சுப்பவைசர் "குறுக்கிக்கொண்டு வாரும்" எண்டு திருப்பி விட்டிட்டார். அந்த நாடுகளுக்குப் போகாமல், காசு செலவழிக்காமல் இதைச் செய்ய ஏலுமோ எண்டும், லண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ எண்டு இருக்கிற சொந்தக்காரருக்கு ஒரு கூகிள் ஃபோர்ம் அனுப்பினால் தரவுக்குக் காணுமோ எண்டும் கேட்டிருக்கிறியள்.

போகத் தேவையில்லை, காசும் தேவையில்லை. கூகிள் ஃபோர்ம் வேண்டாம், அது ஏனெண்டு பிறகு சொல்லுறன்.

முதல் தலைப்பு. குறுக்கச் சொன்னவுடனை எங்கட பிள்ளையள் எல்லாரும் செய்யிறது நாட்டைக் குறைக்கிறதுதான், முப்பது நாட்டை மூண்டாக்கி "இங்கிலாந்து, கனடா, நோர்வே: ஓர் ஒப்பீட்டாய்வு" எண்டு கொண்டுபோறது. நானும் உப்பிடித்தான் செய்தனான். 2004ஆம் ஆண்டு, சமாதான காலம், இன்ரநெற் கஃபேயில மணித்தியாலக் கணக்குக்குக் காசு குடுத்து பிரிண்ட் எடுத்துக் குவிச்சு, ஜேர்மனியில பிஸ்மார்க் 1883இல நோய்க் காப்புறுதி கொண்டுவந்தார், 1889இல முதியோர் பென்ஷன், இங்கிலாந்தில 1942இல சமூகக் காப்புறுதி பற்றின பெவரிட்ஜ் அறிக்கை, 1948 ஜூலை 5 என்எச்எஸ் எண்ட அரசாங்க மருத்துவ சேவை எண்டு எண்பது பக்கம் எழுதினனான். வைவாவில, அதாவது வாய்மொழிப் பரீட்சையில, ஒரு கேள்விதான் கேட்டவை: "தம்பி, இதில நீர் கண்டுபிடிச்சது எது?" எண்டு. நான் முழிச்ச முழி இப்பவும் ஞாபகம். எல்லாம் உண்மையான தகவல்தான், ஆனா ஒண்டும் என்ர இல்லை, என்ர கேள்வி எண்டு ஒண்டு அதுக்குள்ள இருக்கேல்லை.

நீங்கள் குறுக்கவேண்டியது நாட்டை இல்லை. ஒரு நாட்டில, ஒரு கொடுப்பனவில, ஒரு விதி ஒரு குறிப்பிட்ட தேதியில மாறியிருக்கும், அந்த விதியையும் அந்தத் தேதியையும் பிடிக்கவேணும். தேதி இருந்தால் முன்னுக்கு, பின்னுக்கு எண்டு ரெண்டு காலம் கிடைக்கும், விதி இருந்தால் அதுக்குள்ள அகப்பட்டவை, அகப்படாதவை எண்டு ரெண்டு கூட்டம் கிடைக்கும். மிச்சம் கழித்தல் கணக்கு.

கழித்தல் எண்டு நான் பகிடிக்குச் சொல்லேல்லை. அமெரிக்காவில நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1இல ஆகக்குறைஞ்ச சம்பளத்தை மணித்தியாலத்துக்கு 4.25 டொலரில இருந்து 5.05 ஆக்கினது, பக்கத்து பென்சில்வேனியா கூட்டேல்லை. டேவிட் கார்ட், அலன் குரூகர் எண்டு ரெண்டு பேர் ரெண்டு பக்கத்திலயும் 410 ஃபாஸ்ட் ஃபூட் கடையளைப் பிடிச்சு, சம்பளம் கூட முதல் ஒருக்கா, கூடிப் பல மாதத்துக்குப் பிறகு ஒருக்கா, எத்தினை பேர் வேலை செய்யினம் எண்டு கேட்டவை. நியூ ஜெர்சியில கடைக்கு சராசரி 20.44 பேர் 21.03 ஆச்சு. பென்சில்வேனியாவில 23.33 பேர் 21.17 ஆச்சு. ரெண்டு வித்தியாசத்துக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 2.75, அதுவும் கூடின பக்கம். சம்பளம் கூடினால் வேலை குறையும் எண்டு நாங்கள் ஏஎல்லில கீறின வரைபடம் சொல்லுது, இஞ்ச குறையேல்லை. பிறகு வேற ஆய்வாளர் சம்பளப் பதிவேடுகளை எடுத்துவந்து இதை மறுத்தவை, சண்டை கன காலம் நடந்தது, அது வேற கதை. 2021இல கார்டுக்கு நோபல் பரிசு கிடைச்சதில உந்த வேலைக்குப் பெரிய பங்கிருக்கு. உங்கட டிசடேஷனுக்கு நோபல் வேண்டாம், ஆனா உந்த எலும்புக்கூடு வேணும்.

இனி எங்கட ஆக்கள் இருக்கிற நாடுகளிலயே சில விதிகளைச் சொல்லுறன், எது பிடிக்குது எண்டு பாருங்கோ.

எனக்கு ஆக விருப்பமானது நோர்வேயின்ர கொன்டான்ட்ஸ்டோட்ட. பேரைக் கண்டு பயப்பிடாதேங்கோ, அரசாங்க உதவியில நடக்கிற பாலர் பராமரிப்பு நிலையத்துக்குப் பிள்ளையை விடாமல் இருந்தால் அதுக்குப் பதிலாப் பெற்றோருக்குக் காசு. 1998 ஆகஸ்டில ஒரு வயசுப் பிள்ளையளுக்குத் தொடங்கி, 1999 ஜனவரியில ரெண்டு வயசுக்காரருக்கும் நீட்டினவை. தாய்க்குத் தெரிவுச் சுதந்திரம் எண்டு ஒரு பக்கம் சொல்லிச்சினம், பொம்பிளையளை வீட்டுக்குள்ள திருப்பி அனுப்புற காசு எண்டு மற்றப் பக்கம். பிறகு வந்த ஆய்வுகளில தாய்மார் வேலைக்குப் போறது குறைஞ்சதெண்டும், வெளிநாட்டில இருந்து வந்த தாய்மாரில அது கூடக் குறைஞ்சதெண்டும் கண்டவை. சம்பளம் குறைவான துப்புரவு வேலைக்குப் போய், பிள்ளை பராமரிப்புக்கும் காசு கட்டிறதிலும் பார்க்க வீட்டில நிக்கிறது லாபமெண்டால் ஆர்தான் போவினம், அதில தாயைக் குறை சொல்ல ஒண்டுமில்லை. அதுக்குப் பிறகு 2012 ஆகஸ்டில ரெண்டு வயசுக்காரரை எடுத்திட்டினம், 2017இல பெற்றோர் அந்த நாட்டுச் சமூகக் காப்புறுதியில 5 வருசம் இருந்திருக்கவேணும் எண்டு விதி போட்டினம், 2024 ஆகஸ்டில 13 தொடக்கம் 19 மாதம் வரையான பிள்ளையளுக்கு மட்டும் எண்டு இன்னும் சுருக்கிச்சினம். பாருங்கோ, ஒரே கொடுப்பனவில எத்தினை தேதி! நோர்வே புள்ளிவிபரத் திணைக்களத்தின்ர தரவுத்தளம் இலவசம், ஆங்கிலத்திலயும் இருக்கு, வயசு, மாவட்டம், பிறந்த நாடு எண்டு பிரிச்சு எடுக்கலாம்.

லண்டன் பக்கம் எண்டால் ரெண்டு பிள்ளை விதி. 2017 ஏப்ரல் 6ஆம் திகதியிலோ அதுக்குப் பிறகோ பிறந்த மூண்டாம் பிள்ளைக்கும் அதுக்கு மேலயும் யூனிவர்சல் கிரெடிட் எண்ட, வருமானம் குறைஞ்சவைக்கான கொடுப்பனவில பிள்ளைக்கான பகுதி இல்லை எண்டு போட்டவை. ஏப்ரல் 5இல பிறந்தால் காசு, 6இல பிறந்தால் இல்லை, ஆய்வு செய்யிற ஆளுக்கு இதைவிட நேரான வெட்டு வேணுமே? அந்தக் குடும்பங்களுக்கு அது எவ்வளவு கொடுமை எண்டது வேற. காசு இல்லையெண்டால் பிள்ளை பெறமாட்டினம், வேலைக்குப் போவினம் எண்டது அரசாங்கத்தின்ர கணக்கு. ஆனா ஆய்வுகளில பிறப்பு மிகச் சின்ன அளவுதான் குறைஞ்சது, வேலையிலயும் பெரிய மாற்றம் இல்லை, பெரிய குடும்பங்களின்ர வறுமை மட்டும் கூடினது. 2025 நவம்பர் பட்ஜெட்டில அந்த விதியை 2026 ஏப்ரலோட எடுக்கிறம் எண்டு அறிவிச்சவை. அப்ப போட்ட தேதியும் எடுத்த தேதியும் ரெண்டும் உங்களுக்கு இருக்கு. ஒரு எச்சரிக்கை: எங்கட ஆக்கள் "பிள்ளைக்காசு" எண்டு சொல்லுறது சைல்ட் பெனிஃபிட், அது வேற, அதில உந்த ரெண்டு பிள்ளை விதி இல்லை. ரெண்டையும் குழப்பி எழுதின அசைன்மென்ட் நான் எத்தினையோ திருத்தியிருக்கிறன்.

கனடாவில 2016 ஜூலையில கனடா சைல்ட் பெனிஃபிட் வந்தது. அதுக்கு முதல் ஆறு வயசுக்குக் கீழ பிள்ளைக்கு மாதம் 160 டொலர், டொக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான், டாக்ஸி ஓடுற ஆளின்ர பிள்ளைக்கும் அதுதான், பிறகு அதில வரியும் வெட்டுவினம், அதோட வருமானத்தைப் பொறுத்த வேறொரு கொடுப்பனவு. புதுசில ரெண்டையும் ஒண்டாக்கி வரியில்லாமல், 2016ஆம் ஆண்டுக் கணக்கில 6 வயசுக்குக் கீழ ஆகக் கூடினது வருசத்துக்கு 6,400 டொலர், 6 தொடக்கம் 17 வரை 5,400, குடும்பத் தேறிய வருமானம் 30,000 டொலருக்குக் கீழ எண்டால் முழுசா, மேல போகப்போகக் குறையும். எல்லாருக்கும் சமனாக் குடுக்கிறதோ, இல்லாதவனுக்குக் கூடக் குடுக்கிறதோ எண்ட பழைய வாதத்துக்கு இது நல்ல சோதனை. அம்மம்மாவை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டால் 20 வருசம் பிள்ளையள்தான் பாக்கவேணும் எண்டு 2014இல மாத்தினதும் (முந்தி 10 வருசம்) நல்ல விசயம்தான், உங்களுக்கு அதில ஆசை வரும், ஆனா அதுக்குத் தரவு எடுக்கிறது கஷ்டம், இறுதி வருசத்தில அதைத் தொடாதேங்கோ.

சுவிஸ்காரர் எல்லாத்துக்கும் வோட்டுப் போடுறவை எண்டபடியால் அது இன்னொரு மாதிரி ஆய்வு. பொம்பிளையளின்ர பென்ஷன் வயசை 64இல இருந்து 65 ஆக்கிறதுக்கு 2022இல 50.6 வீதம்தான் ஓம் எண்டவை, 2024 மார்ச்சில வருசத்துக்கு 13ஆவது மாதப் பென்ஷன் வேணும் எண்டு 58 வீதம் ஓம். ஊர் ஊராப் பெறுபேறு போட்டு வைச்சிருக்கினம். எக்ஸல் தெரிஞ்சால் காணும்.

எதை எடுத்தாலும் கட்டுரை வாசிக்க முதல் விதியை வாசியுங்கோ. சட்டத்தை, இல்லாட்டி விண்ணப்பப் படிவத்தையாவது. படிவத்தில "கடந்த 5 வருசத்தில வேற நாட்டில இருந்தனீங்களோ" எண்டு ஒரு பெட்டி இருக்குமெண்டால் அந்தப் பெட்டிக்குப் பின்னால ஒரு விதி இருக்கு, அதுக்குப் பின்னால வெளியில விடுபட்ட ஒரு கூட்டம் இருக்கு. கன ஆய்வுக் கேள்வியள் அங்கதான் இருக்கும், இலக்கிய மீளாய்வில இல்லை.

தரவு பற்றி: ஓஈசிடி எண்ட, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பின்ர தளத்தில சமூகச் செலவு, வரி, வேலை எல்லாம் இலவசம், அதோட டாக்ஸ்பென் எண்டு ஒரு கணிப்பான் வைச்சிருக்கினம், "ஒரு உழைப்பாளி, ரெண்டு பிள்ளை, இவ்வளவு சம்பளம்" எண்டு போட்டால் அந்த நாட்டில வரி போய் கொடுப்பனவு வந்து கையில என்ன மிஞ்சும் எண்டு காட்டும். அரை நாள் அதில விளையாடுங்கோ, ஒரு செமஸ்டர் லெக்சரிலும் பார்க்கக் கூட விளங்கும். இங்கிலாந்துக்கு ஸ்டாட் எக்ஸ்புளோர் எண்ட அரசாங்கக் கொடுப்பனவுத் தரவுத்தளம், அட்டவணை நாங்களே கட்டலாம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கனடா ஆள் அடையாளம் நீக்கின கோப்புகளைப் பொதுப் பாவனைக்கு விடுது. அமெரிக்கா எண்டால் மினசோட்டா பல்கலைக்கழகத்தின்ர ஐபம்ஸ் எண்ட தரவுத்தளம், பதிஞ்சால் சரி. லக்சம்பேர்க்கில இருக்கிற லிஸ் எண்ட வருமானத் தரவுக் காப்பகம் கொஞ்சம் வேற மாதிரி, தரவு உங்கட கையில வராது, நீங்கள் கோட் எழுதி அனுப்ப அவை ஓட்டி விடை அனுப்புவினம். ஐரோப்பிய வீட்டு வருமான ஆய்வின்ர நுண்தரவுக்கு, அதாவது ஆள் ஆளா இருக்கிற தரவுக்கு, நிறுவனம் ஊடாகத்தான் விண்ணப்பிக்கவேணும், உங்கட காலக்கெடுவுக்குள்ள அது நடக்காது, விடுங்கோ. களவா இறக்கின எஸ்பிஎஸ்எஸ் எண்ட புள்ளிவிபர மென்பொருள் ஒவ்வொரு பேட்ச்சிலும் பென் டிரைவில கைமாறுது எண்டு எனக்குத் தெரியும், வைரஸும் சேர்ந்து கைமாறுது. அதுக்குப் பதிலா ஆர் (R) அல்லது கிரெட்டில் (gretl) எண்ட மென்பொருளை இறக்குங்கோ, ரெண்டும் இலவசம்.

இனி இலக்கங்களில விழுற குழியள். இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும், வைவாவில பிடிக்கிறதும் இதிலதான்.

இங்கிலாந்தில இவ்வளவு வீதம் வறுமை, இலங்கையில இவ்வளவு வீதம் எண்டு ஒரு வரிசையில போடாதேங்கோ. எங்கட புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கெடுக்கிற வறுமைக்கோடு அடிப்படைத் தேவைக்கு என்ன செலவு எண்டு பாத்துக் கீறினது. அங்க இடை வருமானத்தின்ர, அதாவது வரிசையில சரி நடுவில நிக்கிற ஆளின்ர வருமானத்தின்ர, 60 வீதத்துக்குக் கீழ எண்டால் வறுமை, ஓஈசிடி பெரும்பாலும் 50 வீதம் பாவிக்குது. அந்தக் கோடு நாட்டின்ர வருமானத்தோட சேர்ந்து ஏறும், இறங்கும். 2010–11இல இங்கிலாந்தில பொதுவா எல்லாரின்ர வருமானமும் விழ, கோடும் சேர்ந்து விழ, ஒப்பீட்டு வறுமை "குறைஞ்சது" எண்டு கணக்கு வந்தது, ஏழையின்ர கையில ஒரு சதம் கூடேல்லை. அதோட வீட்டு வாடகைக்கு முன்னோ, பின்னோ எண்டும் பாக்கவேணும், ஈஸ்ட்ஹாமில வாடகை குடுக்கிற உங்கட சித்தப்பாவைக் கேட்டால் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் எண்டு சொல்லுவார்.

பவுண்ஸை ரூபாயால பெருக்காதேங்கோ. 2022இல ரூபா விழுந்த விழுக்காட்டில ஒரே பவுண்ஸ் ரெண்டு மாதத்தில வேற வேற காசு, அப்ப லண்டன்காரன் ரெண்டு மாதத்தில பணக்காரனாகீட்டானோ? ஒரே சாமானை வாங்க ஒவ்வொரு நாட்டிலயும் எவ்வளவு காசு வேணும் எண்டு பாக்கிற கொள்வனவுச் சக்திச் சமநிலைக் கணக்கு உலக வங்கியின்ர தளத்தில இருக்கு, அதைப் பாவியுங்கோ.

சமூகச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில எத்தினை வீதம் எண்ட அட்டவணை எல்லாற்றை டிசடேஷனிலயும் இருக்கும், அதில அயர்லாந்து நல்லாக் கீழ நிக்கும், உடனை "அயர்லாந்து மக்களுக்குச் செலவழிக்கிறேல்லை" எண்டு எழுதுவினம். வெளிநாட்டுக் கம்பனியள் தங்கட சொத்தைக் கணக்கில அங்க நகர்த்தினதால 2015இல அயர்லாந்தின்ர உற்பத்தி ஒரே வருசத்தில 25 வீதமளவில கூடினதாக் கணக்கு வந்தது, வகுக்கிற எண் வீங்கினால் வீதம் சுருங்கும், அவ்வளவுதான். அவையின்ர புள்ளிவிபரத் திணைக்களமே அதுக்காகத் திருத்தின தேசிய வருமானம் எண்டு ஒரு புது அளவு உண்டாக்கினது. அமெரிக்காவும் அப்படித்தான், அரசாங்கச் செலவை மட்டும் பாத்தால் ஐரோப்பாவுக்குக் கீழ, வேலைத்தலம் கட்டுற தனியார் மருத்துவக் காப்புறுதி, வரிச் சலுகை எல்லாம் சேர்த்துத் தேறிய கணக்குப் பாத்தால் பிரான்சுக்குக் கிட்டப் போய் நிக்கும்.

எஸ்பிங் அண்டர்சன் எண்ட சமூகவியலாளர் 1990இல நாடுகளை அவையின்ர நலன்புரி முறையை வைச்சு லிபரல், பழமைவாத, சமூக சனநாயக எண்டு மூண்டு வகையாப் பிரிச்சதை எல்லாரும் போடுறவை. போடுங்கோ, ஒரு பக்கம் காணும். நோர்வே சமூக சனநாயக வகை எண்டு எழுதிப்போட்டு அடுத்த பக்கத்தில கொன்டான்ட்ஸ்டோட்ட பற்றி எழுதினால் நீங்களே யோசிப்பியள், தாயை வீட்டில வைச்சிருக்கிற காசு அந்த வகைக்குள்ள எப்பிடி வந்தது எண்டு. அது நல்ல கேள்வி, சுப்பவைசரிட்ட அதைக் கேளுங்கோ.

இப்ப கூகிள் ஃபோர்ம். வட்ஸ்அப் குறூப்பில சொந்தக்காரருக்கு அனுப்பினால் முப்பது பேர் நிரப்புவினம், அவை நோர்வே மக்களின்ர மாதிரியும் இல்லை, நோர்வேத் தமிழரின்ர மாதிரியும் இல்லை, உங்கட அம்மாவின்ர பக்கத்து ஆக்களின்ர மாதிரி. அதைவிட, "சோசல் காசு எடுக்கிறியளோ" எண்டு கேட்டால் ஆர் ஓம் எண்டு நிரப்பப்போறினம்? ஊரில கதை பரவும் எண்டு பயம், விசாப் பிரச்சினை வரும் எண்டு பயம், மருமகள் கேட்டுவிட்டவள் எண்டு ஒரு பிழையான மரியாதை வேற. உண்மை சொன்னால் அவைக்குக் கரைச்சல், பொய் சொன்னால் உங்களுக்குக் கரைச்சல். சொந்தக்காரரை மொழிபெயர்ப்புக்கும் விளக்கத்துக்கும் பாவியுங்கோ. கடிதம் எப்பிடி வரும், எத்தினை நாள் செல்லும், எந்தப் பேப்பர் கேப்பினம், பாலர் பராமரிப்புக்கு உண்மையில மாதம் என்ன கட்டுறது, உதெல்லாம் எந்தத் தரவுத்தளத்திலயும் இல்லை.

"இலங்கைக்கான படிப்பினைகள்" எண்ட அதிகாரத்தைக் கட்டாயம் வைக்கவேணும் எண்டு சொல்லுவினம், எங்கட கம்பஸ் வழமை அது. வைக்கிறதெண்டால் "இலங்கை அரசும் இதைப் பின்பற்ற வேண்டும்" எண்டு முடிக்காமல், அந்தக் காசு எந்தத் தண்டவாளத்தில ஓடுது எண்டு பாருங்கோ. கனடாவில பிள்ளைக்காசு வருமான வரிப் பத்திரத்தில ஓடுது, வரி கட்டாத ஆளும் காசு வேணுமெண்டால் பத்திரம் நிரப்பவேணும், அதால வருமானம் அரசாங்கத்துக்குத் தெரியும். நோர்வேயில ஆளுக்கொரு பிறப்பு இலக்கம், அதில முகவரி, வேலை, பிள்ளை எல்லாம் கோர்த்திருக்கு. இஞ்ச கடலுக்குப் போறவை, தோட்டம் செய்யிறவை, மேசன் வேலைக்குப் போறவையின்ர மாத வருமானம் ஆருக்குத் தெரியும்? அதாலதான் 2023இல வந்த அஸ்வெசும எண்ட நலன்புரிக் கொடுப்பனவு வருமானத்தை மட்டும் நம்பாமல் வீடு, கரண்ட், சொத்து, குடும்ப நிலை எண்டு 22 குறிகாட்டியால புள்ளி போடுது, அதாலதான் "எனக்கு வரேல்லை, மாடி வீட்டுக்காரனுக்கு வந்திருக்கு" எண்டு பிரதேச செயலகத்தில அவ்வளவு மேன்முறையீடு. வெளிநாட்டில இருந்து வாற காசு அந்தப் புள்ளியில பிடிபடுதோ இல்லையோ எண்டு யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆளைவிட ஆர் வடிவா எழுதப்போறினம்? அந்த அதிகாரத்துக்கு மூண்டு பக்கம் காணும், ஆனா அந்த மூண்டு பக்கமும் உங்கட பக்கமா இருக்கும்.

தமிழில எழுதுறதெண்டால் ஒரு சின்ன விசயம், "சமூகப் பாதுகாப்பு", "சமூக நலன்", "நலன்புரிக் கொடுப்பனவு" மூண்டையும் மாறி மாறி எழுதாதேங்கோ. காப்புறுதிப் பணம் கட்டி உரிமையா எடுக்கிறது ஒண்டு, வருமானம் பாத்துக் குடுக்கிறது இன்னொண்டு, எல்லாருக்கும் குடுக்கிறது வேறொண்டு. முதல் அதிகாரத்தில எதுக்கு எந்தச் சொல் எண்டு எழுதிப்போட்டு கடைசி வரை அதையே பிடியுங்கோ.

நீங்கள் நோர்வேயை எடுப்பியள் எண்டுதான் நினைக்கிறன், மாமா ஒஸ்லோவில எண்டு சொன்னபடியால். அவரிட்ட கேட்டு, பிள்ளையள் சின்னனா இருக்கேக்க நாவ் (நோர்வேயின்ர கொடுப்பனவு அலுவலகம்) கந்தோரில இருந்து வந்த கொன்டான்ட்ஸ்டோட்ட முடிவுக் கடிதம் ஒண்டு இருந்தால், பேரையும் இலக்கத்தையும் கறுப்புப் பேனையால அழிச்சுப்போட்டு ஃபோட்டோ அனுப்பச் சொல்லுங்கோ. எந்தச் சட்டத்தின்ர எந்தப் பிரிவின்படி குடுத்தவை, இல்லாட்டி மறுத்தவை எண்டு அதில எழுதியிருக்கும். அந்தப் பிரிவைத் தேடி, அது எந்த வருசம் எப்பிடி மாறினது எண்டு ஒரு பக்கத்தில எழுதி சுப்பவைசரிட்ட கொண்டுபோங்கோ. தலைப்பைப் பிறகு வைக்கலாம்.